கொல்லன் இல்லாத பூட்டு

திருமலையில் பொழுது விடிவதற்கு வெகு நேரம் முன்பே ஒரு சிறு ஊர்வலம் கிளம்பிவிடுகிறது. முன்னால் தீப்பந்தத்தோடு 'சந்நிதி கொல்லா'. (தெலுங்கில் கொல்லா என்றால் இடையர், நம் ஊர்க் கொல்லர் அல்ல.) பின்னால் திறவுகோலோடு அர்ச்சகர்கள். ஜீயர் மடத்தின் சார்பில் ஒருவர். தேவஸ்தான அதிகாரிகள். எல்லாத் தரப்பும் வந்து நின்ற பிறகுதான் 'பங்காரு வாகிலி' என்ற பொன் வாசல் திறக்கிறது, சுப்ரபாதம் ஆரம்பிக்கிறது. யாரும் தனியாக வந்து கதவைத் திறந்துகொள்வது வழக்கமில்லை.

உண்டியல் பணம் எண்ணும் பரகாமணியிலும் இதே எச்சரிக்கைதான். பை எதுவும் இல்லாத வேட்டியோடு உட்கார்ந்து எண்ணுகிறார்கள். தலைக்கு மேல் கேமராக்கள். இத்தனைக்கும் நடுவே 2023-ல் அங்கே ஒரு திருட்டு பிடிபட்டு வழக்கானது.

மலைக்குக் கீழேயும் கதை மாறவில்லை. 2024 மே 13 அன்று வாக்குப்பதிவு முடிந்த பிறகு திருப்பதி பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்தில் மின்னணு இயந்திரங்கள் பூட்டி வைக்கப்பட்டன. ஜூன் 4 வரை 22 நாட்கள். தேர்தல் கமிஷன் விதிப்படி அறைக்கு இரட்டைப் பூட்டு; சாவிகள் வெவ்வேறு அதிகாரிகளிடம். வேட்பாளர்கள் விரும்பினால் பூட்டின் மேல் தங்கள் முத்திரையையும் வைக்கலாம். பக்கத்து சித்தூருக்கு இந்தப் பழக்கம் இன்னும் பழையது. 1911 வரை அது வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர். 1843-ல் ஹாதிராம்ஜி மடத்து மகந்திடம் ஒப்படைக்கப்படும் வரை திருமலைக் கோயிலின் வருமானம்கூடக் கம்பெனி அதிகாரிகளின் மேற்பார்வையில்தான் இருந்தது. வெள்ளைக்காரர்கள் காலத்தில் அரசு கஜானாக்களில் வேரூன்றிய 'டபுள் லாக்' முறை அவர்கள் போன பிறகும் போகவில்லை. இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டு அதிகாரிகள். ஒருவர் லீவு போட்டால் மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இந்த ஏற்பாடுகள் எல்லாமே ஒரே பயத்தில் பிறந்தவை. திருட்டு பயம். ஆனால் ரகசியத்துக்கு எதிரிகள் இரண்டு பேர். திருட்டு ஒன்று, தொலைந்து போவது இன்னொன்று. முதல் எதிரியைத் தடுக்கப் பூட்டுகளைக் கூட்டினால் இரண்டாவது எதிரிக்குக் கதவு திறக்கிறது. ஐந்து பூட்டு போட்டு ஐந்து பேரிடம் சாவி கொடுத்தால் திருடன் ஐந்து பேரை மடக்க வேண்டும், சரி. ஆனால் அந்த ஐந்தில் ஒரு சாவி கிணற்றில் விழுந்தாலே போதும், உள்ளே இருப்பது யாருக்கும் இல்லை.

இதற்குப் புரி ஜகந்நாதர் கோயிலைவிட நல்ல உதாரணம் வேண்டாம். 1978-க்குப் பிறகு முழுக் கணக்கெடுப்பு நடக்காமலிருந்த ரத்ன பண்டாரத்தைப் பார்வையிட 2018 ஏப்ரலில் ஒரு குழு போனது. உள் அறையின் சாவி காணவில்லை என்ற செய்தி ஜூன் மாதம் வெளியே வந்தது. ஒரிசா முழுவதும் கொந்தளிப்பு. சில நாட்களில் கலெக்டர் அலுவலகப் பதிவறையில் ஓர் உறை கிடைத்தது. 'மாற்றுச் சாவி' என்று மேலே எழுதியிருந்தது. கடைசியில் 2024 ஜூலை 14 அன்று உள் அறைக்குப் போனபோது அந்தச் சாவிகள் பூட்டுகளைத் திறக்கவில்லை. மாஜிஸ்திரேட் முன்னிலையில் பூட்டுகள் வெட்டப்பட்டன. ஆறு வருட அமளி, அரசியல் மேடைகளில் அனல் பறந்த பேச்சு எல்லாம் சில நிமிட வேலையில் முடிந்தது. பூட்டு இரும்பால் ஆனது என்பதுதான் இங்கே அதிர்ஷ்டம். சாவி தொலைந்தாலும் இரும்புக்குக் கொல்லன் உண்டு.

கொல்லனே இல்லாத பூட்டு ஒன்று இருக்கிறது. அதில் மாட்டிக்கொண்டவர்கள் உலகத்திலேயே பூட்டு விஷயத்தில் கெட்டிக்காரர்கள் என்பதுதான் வேடிக்கை.

சர்வதேச ரகசியக் குறியீட்டு ஆய்வுச் சங்கம் (சுருக்கமாக ஐஏசிஆர்) 2025-ல் தன் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க கம்ப்யூட்டர் வழியாக ரகசிய வாக்கெடுப்பு நடத்தியது. யார் யாருக்கு வாக்களித்தார் என்று எவருக்கும் தெரியக் கூடாது. ஆகவே வாக்குகள் எல்லாம் ரகசியக் குறியீட்டில் பூட்டப்பட்டன. திறக்கும் சாவி மூன்று பொறுப்பாளர்களிடம் மூன்று பகுதியாக இருந்தது. மூன்றும் சேர்ந்தால்தான் முடிவு தெரியும். இருவர் கூட்டுச் சேர்ந்து ஏமாற்ற முடியாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு, அதாவது கஜானாவின் டபுள் லாக்கை ஒரு படி மேலே கொண்டுபோனது. வாக்கெடுப்பு முடிந்தது. மூன்று பேரில் ஒருவர் தன் பகுதியைத் தொலைத்துவிட்டார். மீட்க வழியே இல்லை. போட்ட வாக்குகள் பத்திரமாக இருக்கின்றன, யாராலும் படிக்க முடியாது, அவ்வளவுதான். நவம்பரில் சங்கம் தலையைக் குனிந்துகொண்டு அறிவித்தது: மறுபடியும் வாக்குப்பதிவு.

திருப்பதியில் இரட்டைப் பூட்டின் ஒரு சாவி தொலைந்திருந்தால் வேட்பாளர்கள் முன்னிலையில், வீடியோ எடுத்துக்கொண்டு, பூட்டை உடைத்திருப்பார்கள். சண்டை வந்திருக்கும், கோர்ட்டுக்குப் போயிருப்பார்கள், ஆனாலும் எண்ணியிருப்பார்கள். ஐஏசிஆர் யாரைக் கூப்பிடும்? இன்று சாதாரணமாகப் பயன்படும் ஒரு ரகசியச் சாவி 128 பிட் நீளம். அதாவது சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கை 39 இலக்க எண். ஒரு கோடி கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றும் வினாடிக்கு ஒரு லட்சம் கோடி சாவிகளைப் போட்டுப் பார்த்தாலும் எல்லாவற்றையும் முடிக்க ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி ஆண்டுகள் ஆகும். இந்தப் பூட்டுக்கு ரம்பமும் இல்லை, மாஜிஸ்திரேட்டும் இல்லை.

இத்தனைக்கும் மருந்து 46 வருடமாகக் கையில் இருந்தது. மருந்து கண்டவர் அதே துறையின் பிதாமகர்களில் ஒருவர்.

ஆடி ஷமீர் இஸ்ரேலியக் கணித நிபுணர். இன்டர்நெட்டில் பணம் அனுப்புகிறவர்கள் தெரியாமலே நம்பியிருக்கும் 'ஆர்எஸ்ஏ' முறையின் நடு எழுத்து அவருடையது. 2002-க்கான டூரிங் விருதைச் சகாக்கள் இருவரோடு பகிர்ந்துகொண்டார். 1979 நவம்பரில் 'ஒரு ரகசியத்தைப் பகிர்வது எப்படி' என்ற பொருளில் இரண்டே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். அதே வருடம் அமெரிக்கர் ஜார்ஜ் பிளேக்லியும் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

ஷமீர் கட்டுரையை ஒரு பழைய பாடப் புத்தகப் புதிரோடு ஆரம்பிக்கிறார். பதினொரு விஞ்ஞானிகள் ஒரு ரகசியத் திட்டத்தில் வேலை செய்கிறார்கள். ஆவணங்கள் அலமாரியில். ஆறு பேர் கூடினால் அலமாரி திறக்க வேண்டும். ஐந்து பேர் மட்டும் வந்தால் திறக்கக் கூடாது. எந்த ஆறு பேராகவும் இருக்கலாம். எத்தனை பூட்டு வேண்டும்? விடை 462. எந்த ஐந்து பேரை எடுத்துக்கொண்டாலும் அவர்களால் திறக்க முடியாத ஒரு பூட்டாவது இருக்க வேண்டும். பதினொரு பேரில் ஐந்து ஐந்தாகப் பொறுக்கினால் 462 குழுக்கள். ஒவ்வொரு விஞ்ஞானியும் 252 சாவிகளைக் கட்டிச் சுமக்க வேண்டும். மாமியார் இடுப்புச் சாவிக்கொத்தும் இதன் முன் தோற்றுவிடும். இரும்பில் இந்த யோசனை நடக்காது.

கணிதத்தில் நடக்கும், அதுவும் எட்டாம் வகுப்பு வரைபடத் தாளில். ஒரு புள்ளி வழியாக எத்தனை நேர்கோடு வேண்டுமானாலும் போகலாம். இரண்டு புள்ளி வைத்துவிட்டால் ஒரே ஒரு கோடுதான். ஷமீரின் முழு ரகசியமும் இதுதான். ரகசிய எண்ணைச் செங்குத்துக் கோட்டின் மேல் குறித்துக்கொள்ளுங்கள். அதன் வழியாக இஷ்டத்துக்குச் சாய்வாக ஒரு கோடு போடுங்கள். கோட்டின் மேல் வேறு மூன்று இடங்களில் புள்ளி வைத்து, ஆளுக்கு ஒரு புள்ளி கொடுத்துவிட்டு, கோட்டையும் ரகசியத்தையும் அழித்துவிடுங்கள். யாராவது இருவர் சேர்ந்தால் கோட்டைத் திரும்ப வரையலாம். அது செங்குத்துக் கோட்டை வெட்டும் இடம்தான் ரகசியம். ஒருவர் மட்டும் வந்தால்? அவரிடம் இருப்பது ஒற்றைப் புள்ளி. கோடு எந்தப் பக்கமும் சாயலாம்.

எண்ணிலேயே பார்த்துவிடலாம். திருப்பதியில் ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ரகசிய எண் 4712. மகள் சித்தூரில், மகன் சென்னையில். மூவரில் இருவர் சேர்ந்தால் எண் கிடைக்க வேண்டும்.

ஒரு சின்ன ஏற்பாடு முதலில். கடிகாரத்தில் 12-க்கு அப்புறம் மறுபடியும் 1 வருவதுபோல, இங்கே 9972-க்கு அப்புறம் மறுபடியும் 0 என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதாவது 9973-ஐத் தாண்டினால் 9973-ஐக் கழித்துவிட வேண்டும். (9973 வேறு எந்த எண்ணாலும் வகுபடாத பகா எண், அதனால்தான் அது.) இப்போது குலுக்கலில் ஓர் எண்ணை எடுக்கிறோம்: 8305. ரகசியத்தோடு அதைக் கூட்டினால் 13017. 9973 போக 3044. இது மகளின் பங்கு. அதோடு இன்னொரு முறை 8305 கூட்டி 9973-ஐக் கழித்தால் 1376. இது மகனின் பங்கு. இன்னொரு முறை கூட்டினால் 9681, அப்பாவின் பங்கு. அப்புறம் 8305 எழுதிய காகிதத்தை அடுப்பில் போட்டுவிட வேண்டும்.

ஒரு நாள் அப்பாவால் பேச முடியாத நிலை. மகளும் மகனும் உட்காருகிறார்கள். 1376-லிருந்து 3044-ஐக் கழிக்க வேண்டும். போதவில்லை, எனவே 9973-ஐச் சேர்த்துக்கொண்டு கழித்தால் 8305. எரிந்துபோன எண் திரும்ப வந்துவிட்டது. மகளின் 3044-லிருந்து இந்த 8305-ஐ அதே மாதிரி கழித்தால் 4712. மகனும் அப்பாவும் சேர்ந்தாலும், அப்பாவும் மகளும் சேர்ந்தாலும் வருவது அதே 4712-தான். பென்சில் இருப்பவர்கள் போட்டுப் பார்க்கலாம்.

இதில் உண்மையான அழகு, ஒற்றைப் பங்கை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது என்பது. மகளின் கைப்பையைத் திருடியவனிடம் 3044 இருக்கிறது. ரகசியம் 0000 ஆக இருக்கலாமா? இருக்கலாம், அப்படியானால் குலுக்கல் எண் 3044. ரகசியம் 5555 ஆக இருக்கலாமா? அதற்கும் பொருத்தமாக ஒரே ஒரு குலுக்கல் எண் உண்டு. 9973 எண்களில் எதையும் அவனால் தள்ள முடியாது. திருடுவதற்கு முன் எவ்வளவு தெரியுமோ, திருடிய பின்னும் அவ்வளவுதான் தெரியும். எத்தனை வேகமான கம்ப்யூட்டரை வைத்தாலும் இதே கதிதான், ஏனென்றால் கண்டுபிடிக்க அங்கே ஒன்றுமே இல்லை.

நம் வீடுகளில் நடப்பது வேறு. நாலு இலக்க எண்ணைப் பாதியாகக் கிழித்து, முதல் இரண்டு மகளிடம், கடைசி இரண்டு மகனிடம் என்று கொடுக்கிறோம். அதில் ஒரு பாதி கிடைத்தவனுக்கு மிச்சம் நூறே நூறு எண்கள். இன்னொரு பாதி தொலைந்தாலோ நல்லவர்களுக்கும் சிக்கல். கிழித்துக் கொடுப்பது இரண்டு எதிரிகளுக்குமே வசதி செய்து தருகிறது.

மூன்று பேர் சேர்ந்தால்தான் திறக்க வேண்டுமென்றால் நேர்கோட்டுக்குப் பதில், எறிந்த பந்து போகும் வளைகோடு. அதை முடிவு செய்ய மூன்று புள்ளி வேண்டும். நாலு பேர் என்றால் இன்னும் ஒரு வளைவு. பங்குதாரர்கள் எத்தனை பேராகவும் இருக்கலாம். பெரிய அலுவலகங்கள் பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் 'வால்ட்' என்ற மென்பொருள், கேட்காமலே ஐந்து பங்கு போட்டு அதில் மூன்று கேட்கிறது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் சி. பாண்டுரங்கனும் அவருடைய மாணவர்களும் பல வருடம் உழைத்தது இதற்குப் பக்கத்து நிலத்தில்தான்: செய்தியைப் பங்கு பங்காகப் பல வழிகளில் அனுப்பி, சில வழிகளில் எதிரி உட்கார்ந்திருந்தாலும் பத்திரமாகக் கொண்டுசேர்ப்பது. திருப்பதியிலிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய இடம்.

இந்த முறை எங்கே மிகப் பெரிய சுமையைத் தாங்குகிறது என்று கேட்டால், இன்டர்நெட்டின் வேரில். ஒரு வங்கியின் முகவரியை நீங்கள் தட்டும்போது போய்ச் சேருவது அந்த வங்கிதானா, போலியா என்று சரிபார்க்கும் சங்கிலியின் முதல் தலைச் சாவி 2010-ல் உருவாக்கப்பட்டது. அமெரிக்காவின் கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு கட்டடங்களில் தலைச் சாவியை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் பல நாடுகளைச் சேர்ந்த ஏழு பேர். அவர்களில் மூன்று பேராவது நேரில் வந்தால்தான் சாவியைப் பயன்படுத்த முடியும். இரண்டு இடமும் அழிந்தாலும் மீட்க வழி வேண்டும் என்று இன்னொரு ஏழு பேர். அவர்களில் ஐந்து பேர் கூடினால் சாவியை மீட்டெடுக்கலாம். பிரிட்டன், சீனா, செக், கனடா, டிரினிடாட், பர்கினா ஃபாஸோ என்று பொறுக்கி எடுத்தார்கள். எந்த ஒரு அரசும் ஐந்து பேரை ஒரே நேரத்தில் பிடித்து வைக்க முடியாது என்பது கணக்கு.

2010-ல் நியமிக்கப்பட்ட அந்த ஏழு பேரில் அமெரிக்கரான டான் கமின்ஸ்கி 2021 ஏப்ரலில் 42 வயதில் இறந்துபோனார். கம்ப்யூட்டர் பாதுகாப்பு உலகம் கலங்கியது, இன்டர்நெட் கலங்கவில்லை. ஐந்துக்கு ஏழு என்று போட்டதன் பொருள் அதுதான்.

2020 பிப்ரவரியில் நடந்ததுதான் சிரிக்க வைக்கும். கலிபோர்னியாவில் சாவிச் சடங்குக்கு (அவர்களே அதைச் சடங்கு என்றுதான் சொல்கிறார்கள்) ஆட்கள் நாடு நாடாக வந்து இறங்கிவிட்டார்கள். கணிதம் தயார். இரும்புப் பெட்டியின் பூட்டு மக்கர். திறக்கவே இல்லை. சடங்கைத் தள்ளிவைத்து, பூட்டுக்காரர் வந்து துளை போட்டுத் திறந்தார். புரியில் வெட்டியதும் இங்கே துளைத்ததும் ஒரே வேலை. இரண்டு மாதம் கழித்து கொரோனா. விமானம் இல்லை. அந்த முறை சிலர் தங்கள் சாவிகளை முத்திரையிட்ட பையில் தபாலில் அனுப்பி வைத்தார்கள். அடுத்து எப்போது கூட முடியுமோ என்று ஒன்பது மாதத்துக்கான கையெழுத்துகளை ஒரே உட்காரலில் போட்டு முடித்தார்கள்.

ஷமீரின் முறை எதைச் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியாவைத் தொட்டுப் போன ஒரு மரணம் அதற்குச் சாட்சி.

ஜெரால்ட் காட்டன், 30 வயது கனடாக்காரர், மனைவியோடு இந்தியா வந்தார். 2018 டிசம்பரில் ஜெய்ப்பூர் ஆஸ்பத்திரியில் இறந்தார். அவர் நடத்திய 'குவாட்ரிகா' பிட்காயின் சந்தையின் சாவிகள் அவர் ஒருவருக்கே தெரியும் என்று நிறுவனம் சொன்னது. சுமார் 76,000 வாடிக்கையாளர்களின் பணம் ஒரு மனிதனின் நினைவோடு ஜெய்ப்பூரில் போய்விட்டதாக உலகமெங்கும் பேச்சு. பங்கு போட்டு வைத்திருந்தால் வந்திருக்குமே என்று நிபுணர்கள் உச்சுக் கொட்டினார்கள். அப்புறம் தணிக்கையாளர்கள் தோண்டியபோது பெட்டிகள் அவர் சாவதற்கு முன்பே காலி என்று தெரிந்தது. வாடிக்கையாளர் பணத்தைக் காட்டனே சூதாட்டம் மாதிரி வர்த்தகம் செய்து கரைத்திருந்தார் என்று ஒன்டாரியோ பங்குச்சந்தைக் கமிஷன் 2020-ல் அறிக்கை கொடுத்தது. காலிப் பெட்டிக்கு எத்தனை சாவி இருந்தால் என்ன?

மும்பையின் 'வாஸிர்எக்ஸ்' நிறுவனத்தில் தனி மனிதர் ஆட்சி இல்லை. அங்கே ரகசியத்தைப் பங்கு போடவில்லை. பல கையெழுத்து கேட்டார்கள். மொத்தம் ஆறு கையெழுத்துக்காரர்கள். நிறுவனத்தில் மூன்று பேரும், வெளியே பாதுகாப்பு நிறுவனம் ஒன்றும் ஒப்புக்கொண்டால்தான் பணம் நகரும். 2024 ஜூலை 18 அன்று 23 கோடி டாலர் போய்விட்டது. திரையில் காட்டப்பட்டது ஒன்று, கையெழுத்தான உத்தரவு வேறு என்று வாஸிர்எக்ஸ் சொன்னது. தவறு யாருடையது என்று இரண்டு நிறுவனங்களும் மோதிக்கொண்டன. 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூன்றும் வடகொரியாவின் பக்கம் விரல் நீட்டின. கஜானாவில் இரண்டு அதிகாரிகளும் வந்து இரண்டு சாவியும் போட்டு, தவறான பெட்டியை நல்லெண்ணத்தோடு தூக்கிக் கொடுத்த மாதிரி.

ஷமீரின் முறைக்கே உரிய பலவீனமும் ஒன்று உண்டு. பங்குகள் ஒன்று சேரும் அந்த நிமிடத்தில் முழு ரகசியமும் யாரோ ஒருவரின் மேஜைமேல் கிடக்கிறது. அதுவரை பட்ட பாடெல்லாம் அந்த மேஜையின் யோக்கியதையைப் பொறுத்தது. தவிர, வேண்டுமென்றே ஒருவர் பொய்ப் பங்கு கொடுத்தால் வரும் விடையும் பொய். பங்கு அசலா என்று முன்கூட்டியே சரிபார்க்கும் முறைகள் 1980-களிலேயே வந்துவிட்டன, ஆனால் அவை பென்சில் கணக்கல்ல. மூன்றில் இருவர் திட்டமிட்டே கைகோத்துக்கொண்டால் அதற்குக் கணிதத்தில் பதிலே கிடையாது. யாருக்குப் பங்கு கொடுப்பது என்ற கேள்வி பெண் கொடுக்கும் கேள்வி மாதிரி. விசாரித்துத்தான் கொடுக்க வேண்டும்.

திருப்பதி ஆசிரியரிடம் திரும்பிப் போனால், அவருக்கு இதெல்லாம் தேவையா? வங்கிக் கணக்குக்குத் தேவையில்லை. அங்கே சட்டமே கொல்லன். நாமினி இருக்கிறார், 2025 நவம்பர் 1 முதல் டெபாசிட்டுக்கு நாலு நாமினி வரை எழுதலாம். லாக்கர் சாவி தொலைந்தால் வங்கி ஆள் வைத்து உடைக்கும், செலவை உங்களிடம் வாங்கிக்கொள்ளும். யாரும் உடைத்துத் தர முடியாதவை வேறு: தானாகவே ரகசியக் குறியீட்டில் பூட்டிக்கொள்ளும் கம்ப்யூட்டர் டிஸ்க்கில் இருக்கும் முப்பது வருடக் குடும்பப் படங்கள், எல்லா பாஸ்வேர்டுகளையும் போட்டு வைத்திருக்கும் ஒரு தலைமை பாஸ்வேர்டு, மகன் சொல்லி வாங்கிய பிட்காயின். இவற்றுக்கு வாரிசுச் சான்றிதழ் கொண்டுபோய்க் காட்ட ஒரு கவுன்டரே கிடையாது. தாசில்தார் பச்சை மையில் கையெழுத்துப் போட்டாலும் டிஸ்க் திறக்காது.

அவர் செய்யக்கூடியது, மூன்றுக்கு இரண்டு. கணக்கைக் கையால் போட வேண்டாம். சோதிக்கப்பட்ட மென்பொருள்கள் உண்டு, பிட்காயின் பெட்டி விற்பவர்களில் சிலர் பங்குகளைச் சாதாரண வார்த்தைகளாகவே எழுதித் தருகிறார்கள். காகிதத்தில் எழுதி மூன்று வெவ்வேறு ஊர்களில் வைக்க வேண்டும். ஒரே பீரோவில் இரண்டு பங்கு இருந்தால் அது பங்கே அல்ல. ஒவ்வொரு உறையின் மேலும் இது என்ன, எந்த மென்பொருள், மற்ற இரண்டும் யாரிடம் என்று எழுதியிருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை, பொங்கலுக்கோ பிரம்மோற்சவத்துக்கோ எல்லோரும் கூடும்போது, இரண்டு உறையைப் பிரித்துத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். புரியில் அந்த மாற்றுச் சாவியை யாராவது ஒரு முறை போட்டுப் பார்த்திருந்தால் 2024 வரை காத்திருக்க வேண்டியிருக்காது.

ஐஏசிஆர் நிபுணர்கள் டிசம்பர் 20 வரை மறுவாக்குப்பதிவு என்று அறிவித்தபோது இரண்டு மாற்றங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். சாவியின் மூன்று பகுதியில் இனி இரண்டு போதும். பொறுப்பாளர்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி, மூவர் கையிலும் கொடுத்துவிடுவார்கள்.